ஒரே பாதையில் ஒரு மாதம்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ள தீவு. இங்கே வேனிற்காலம், குளிர்காலம் என்று ஆண்டு பிரிவதில்லை. ஆயினும், ஜூன் மாதம் வந்தால் மாணவர்களுக்கு அது கோடை விடுமுறையைப் போன்றதுதான். பள்ளிகள் ஏறத்தாழ நான்கு வாரங்கள் மூடப்பட்டிருக்கும். வெயில் கடுமையாக இருக்கும். சில நாள்களில் விடியற்காலையில் சுமத்ராவின் பக்கமிருந்து பலத்த காற்றும் மழையும் வந்து போகும். மழை விட்டு வெயில் ஏறியதும் பூங்காக்களிலும் குளக்கரைகளிலும் சிறகுகள் அசையத் தொடங்கும்.

இச்சிறிய தீவில் 400-க்கும் மேற்பட்ட பறவை இனங்களும், 300-க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்களும், 120-க்கும் மேற்பட்ட தட்டான் இனங்களும் பதிவு செய்யப்பட்டுள்ளன. இவற்றுள் பலவற்றைக் காணக் காட்டுக்குள் செல்ல வேண்டியதில்லை. அடுக்குமாடி வீடுகளுக்கு இடையே உள்ள பூங்காவிலேயே காணலாம். ஆனால், ஒருநாள் சென்று பார்த்துவிட்டு வருவதற்கும், ஒரே பாதையில் ஒரு மாதம் தொடர்ந்து பார்ப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஒருநாள் பார்ப்பவர் அழகைக் காண்கிறார். ஒரு மாதம் பார்ப்பவர் அந்த அழகு எதை நம்பி வாழ்கிறது என்பதையும் தெரிந்துகொள்கிறார்.

ஏன் ஒரே பாதை?

புதிய புதிய இடங்களுக்குச் சென்றால் புதிய உயிரினங்களைப் பார்க்கலாமே, ஏன் ஒரே பாதையில் நடக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது? நேற்று குளக்கரையில் பத்துத் தட்டான்களைப் பார்த்தோம். இன்று புல்வெளியில் இரண்டைப் பார்த்தோம். தட்டான்கள் குறைந்துவிட்டன என்று இதிலிருந்து சொல்ல முடியாது. இடம் மாறியதால் எண்ணிக்கை மாறியிருக்கலாம். இடத்தையும் நேரத்தையும் மாற்றாமல் வைத்துக்கொண்டால்தான், மாறுவது எது என்று தெரியும்.

பிரிட்டனில் 1976 முதல் பட்டாம்பூச்சிகளை இந்த முறையில்தான் கணக்கிட்டு வருகிறார்கள். பார்வையாளர் ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து, ஒரே சீரான வேகத்தில் நடக்கிறார். தமக்கு முன்னாலும் இரு பக்கங்களிலும் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் தெரியும் பட்டாம்பூச்சிகளை மட்டும் எண்ணுகிறார். எட்டத்தில் பறப்பவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எளிய விதிதான். ஆனால், எல்லாரும் அதே விதியைப் பின்பற்றுவதால், ஓர் ஊரின் கணக்கை மற்றோர் ஊரின் கணக்கோடும், ஓர் ஆண்டின் கணக்கை அடுத்த ஆண்டின் கணக்கோடும் ஒப்பிட முடிகிறது.

நம் வட்டாரத்திலும் இம்முறையைப் பின்பற்றலாம். அரைமணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய பாதை ஒன்று போதும். அதில் கொஞ்சம் நீர், கொஞ்சம் பூச்செடிகள், சில பெரிய மரங்கள் இருந்தால் நல்லது. பீஷான் – அங் மோ கியோ பூங்கா, சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம், சிங்கப்பூர்ப் பூமலை போன்ற இடங்கள் இதற்கு ஏற்றவை. வீட்டுக்கு அருகில் உள்ள சிறு பூங்காவும் ஏற்றதே. அடிக்கடி செல்ல முடியும் என்பதே அதன் சிறப்பு.

எந்த நேரத்தில் பார்ப்பது?

மூன்று வகை உயிர்களும் ஒரே நேரத்தில் சுறுசுறுப்பாக இருப்பதில்லை. பறவைகள் விடிந்தவுடன் இரை தேடத் தொடங்கிவிடும். காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அவற்றைப் பார்ப்பதும் அவற்றின் குரலைக் கேட்பதும் எளிது. பட்டாம்பூச்சிகளும் தட்டான்களும் அப்படியல்ல. அவை தங்கள் உடலுக்கு வேண்டிய வெப்பத்தைப் பெரும்பாலும் வெயிலிலிருந்தே பெறுகின்றன. அதனால், வெயில் சற்று ஏறிய பிறகே அவை நன்றாகப் பறக்கும். காலை பத்து மணி அவற்றுக்கு நல்ல நேரம்.

ஆனால், வெயில் அளவுக்கு மீறினால் அவற்றுக்கும் தொல்லைதான். நண்பகல் வேளையில் சில தட்டான்கள் குச்சியின் நுனியில் அமர்ந்து, வால்போல் நீண்டிருக்கும் வயிற்றுப் பகுதியைச் சூரியனை நோக்கிச் செங்குத்தாகத் தூக்கியிருப்பதைக் காணலாம். பார்ப்பதற்குத் தலைகீழாக நிற்பதுபோல் இருக்கும். இவ்வாறு நிற்கும்போது உடலின்மீது விழும் வெயில் குறைகிறது. இதுவே அவை உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழி.

தட்டான்: நீரிலிருந்து வானுக்கு

தட்டானைத் தும்பி என்றும் அழைப்பர். அதற்கு நான்கு சிறகுகள் உள்ளன. ஒவ்வொரு சிறகையும் தனித்தனியே அசைக்க முடிவதால் அது நின்ற இடத்திலேயே பறக்கும், சட்டென்று திரும்பும், பின்னோக்கியும் நகரும். அதன் கண் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான சிறு வில்லைகளால் ஆனது. சில இனங்களில் இந்த எண்ணிக்கை ஏறத்தாழ 30,000 வரை இருக்கும். இப்படிப்பட்ட கண்களும் சிறகுகளும் இருப்பதால், தட்டான் துரத்தும் இரை தப்புவது அரிது.

பார்க்கத் தொடங்குபவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரு வேறுபாடு. தட்டான் அமரும்போது சிறகுகளை விரித்தே வைத்திருக்கும். அதன் கண்கள் மிகப் பெரியவை. ஊசித்தட்டானின் உடல் ஊசிபோல் மெலிந்தது. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் தனித்தனியாக விலகியிருக்கும். அது அமரும்போது பெரும்பாலும் சிறகுகளை முதுகின்மேல் மடக்கிக்கொள்ளும்.

நம் பூங்காக்களில் எளிதில் காணக்கூடிய தட்டான்களுள் ஒன்று ‘காமன் பாரசால்’. ஆண் தட்டானின் சிறகுகள் செம்பழுப்பு நிறத்தில் இருக்கும். நுனிகள் மட்டும் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். ஆண் தட்டான்கள் பல நீர்நிலைக்கு அருகில் ஓரிடத்தைத் தமதாக்கிக்கொண்டு காவல் காக்கும். வேறோர் ஆண் வந்தால் துரத்திவிட்டு, மீண்டும் அதே குச்சிக்கு வந்து அமரும். எனவே, ஒரு தட்டான் பறந்து போய்விட்டதே என்று நாம் நகர வேண்டியதில்லை. சற்று நேரம் அசையாமல் நின்றால் அது திரும்பி வரக்கூடும்.

நாம் பார்ப்பது தட்டானின் வாழ்வில் கடைசிப் பகுதியை மட்டுமே. பெண் தட்டான் தன் வயிற்று நுனியால் நீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிடும் காட்சியைக் குளக்கரையில் காணலாம். முட்டையிலிருந்து வரும் இளம்பூச்சிக்குப் பறக்கும் சிறகுகள் இல்லை. அது நீருக்குள்ளேயே வாழ்கிறது. மடக்கி வைத்திருக்கும் கீழுதட்டை மின்னல் வேகத்தில் நீட்டி, கொசுப்புழுக்களையும் தலைப்பிரட்டைகளையும் பிடித்துத் தின்கிறது. பல முறை தோலுரித்து வளர்கிறது. சில இனங்களுக்கு இந்த நீர்வாழ்வு சில வாரங்களில் முடியும். வேறு சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் இனங்களும் உண்டு. இறுதியில் அது ஒரு தண்டைப் பற்றிக்கொண்டு நீரைவிட்டு வெளியே ஏறுகிறது. முதுகுத்தோல் பிளக்க, சிறகுள்ள தட்டான் வெளிவருகிறது. காலையில் குளக்கரைச் செடிகளை உற்றுப் பார்த்தால், ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றுத் தோல்களைக் காணலாம்.

இந்த வெற்றுத் தோல் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கிறது. பறக்கும் தட்டான் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். ஆனால், வெற்றுத் தோல் இருந்தால், அந்தக் குளத்திலேயே தட்டான் பிறந்து வளர்ந்திருக்கிறது என்பது உறுதி. ஆகவே, ஒரு நீர்நிலை எத்தகையது என்பதை அறிய, பறக்கும் தட்டானைவிட அது விட்டுச் சென்ற தோலே நல்ல சான்று.

பட்டாம்பூச்சி: கறிவேப்பிலைச் செடியில் நான்கு வாரம்

பட்டாம்பூச்சியைத் தேடிப் பலரும் பூக்களிடம் போகிறார்கள். அது தேன் குடிக்கப் பூவை நாடுவது உண்மைதான். ஆனால், முட்டையிட அது தேடுவது பூவையன்று. தன் புழு தின்னக்கூடிய இலையை. பட்டாம்பூச்சியின் கால்களில் சுவை அறியும் உறுப்புகள் உள்ளன. பெண் பட்டாம்பூச்சி இலைமீது கால் வைத்தே அது தகுந்த செடியா என்று அறிந்துகொள்கிறது. பல இனங்களின் புழுக்கள் சில குறிப்பிட்ட செடிகளை மட்டுமே தின்னும். அச்செடி இல்லையென்றால், எத்தனை பூக்கள் மலர்ந்திருந்தாலும் அந்த இனம் அங்கே பெருகாது.

தமிழர் வீடுகளில் தொட்டியில் வளரும் கறிவேப்பிலைச் செடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘காமன் மார்மன்’ எனப்படும் கறுப்பு நிறப் பட்டாம்பூச்சி கறிவேப்பிலையிலும் எலுமிச்சை வகைச் செடிகளிலும் முட்டையிடுகிறது. அதனால் தமிழில் அதற்குக் கறிவேப்பிலை அழகி என்ற பெயரும் உண்டு. இளம்புழு பார்ப்பதற்குப் பறவையின் எச்சத்தைப்போல் இருக்கும். எச்சத்தைத் தின்ன எந்தப் பறவையும் வராது அல்லவா? புழு வளர்ந்ததும் நிறம் மாறி, இலையோடு இலையாகப் பச்சையாகிவிடும். யாராவது தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து கவைபோன்ற சிவந்த உறுப்பு ஒன்றை நீட்டிக் கடுமையான வாடையைப் பரப்பும். பிறகு கூட்டுப்புழுவாகி, ஒருநாள் காலை சிறகு விரித்து வெளிவரும்.

முட்டையிலிருந்து பட்டாம்பூச்சிவரை ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். அதாவது, ஒரு ஜூன் விடுமுறைக்குள் ஒரு முழு வாழ்க்கைச் சுழற்சியைப் பார்த்துவிடலாம். அதற்கு ஒன்று மட்டும் தேவை. செடியில் புழுவைக் கண்டவுடன் மருந்து தெளிக்காமல் இருக்க வேண்டும். நான்கு கொத்து இலைகளை இழக்க மனமில்லாதவருக்குப் பட்டாம்பூச்சியும் இல்லை.

இந்தக் கறிவேப்பிலை அழகியிடம் இன்னொரு வியப்பும் உண்டு. ‘காமன் ரோஸ்’ என்னும் பட்டாம்பூச்சியைச் சிங்கப்பூரின் தேசியப் பட்டாம்பூச்சியாக 2015-ஆம் ஆண்டில் பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். இதன் புழு ஆடுதின்னாப்பாளை வகைக் கொடிகளைத் தின்கிறது. அக்கொடியில் உள்ள நஞ்சு புழுவின் உடலில் சேர்கிறது. வளர்ந்த பிறகும் நீங்குவதில்லை. ஒருமுறை தின்று பார்த்த பறவை மீண்டும் அதைத் தொடாது. கறிவேப்பிலை அழகிக்கு அந்த நஞ்சு இல்லை. ஆனால், அதன் பெண் பட்டாம்பூச்சிகளுள் ஒரு வகை, சிறகில் வெள்ளைத் திட்டுகளும் சிவப்புப் புள்ளிகளுமாக, காமன் ரோஸைப் போலவே தோற்றமளிக்கிறது. பறவை ஏமாந்து விட்டுவிடுகிறது. நாம் ஏமாறாமல் இருக்க உடலைப் பார்க்க வேண்டும். காமன் ரோஸின் உடலில் சிவப்பு நிறம் உண்டு. கறிவேப்பிலை அழகியின் உடல் கறுப்பாகவே இருக்கும். சிறகை மட்டும் பார்த்துப் பெயர் எழுதினால் கணக்கு தவறிவிடும்.

பறவைகள்: போனவையும் இருப்பவையும்

செப்டம்பர் தொடங்கி மார்ச்வரை சுங்கை பூலோவின் சேற்று நிலங்களில் வடக்கிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகள் கூட்டம் கூட்டமாக இரை தேடும். சைபீரியா முதல் ஆஸ்திரேலியாவரை நீளும் அவற்றின் பயணப் பாதையில் சிங்கப்பூர் ஒரு தங்குமிடம். ஜூன் மாதத்தில் அவை இங்கே இருப்பதில்லை. தொலைவில் வட நாடுகளில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். அதனால் ஜூன் மாதம் பறவை பார்க்க உகந்ததல்ல என்று எண்ணிவிடக் கூடாது. இம்மாதத்தில் உள்ளூர்ப் பறவைகளின் குடும்ப வாழ்க்கையைக் காணலாம்.

தேன்சிட்டு சிலந்தி நூலால் நாரையும் காய்ந்த இலையையும் பிணைத்து, பை போன்ற கூட்டைத் தொங்கவிடுகிறது. சில வேளைகளில் அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரத்துச் செடியில்கூட அக்கூட்டைக் காணலாம். மஞ்சள் நிற வாலடியைக் கொண்ட சின்னான் என்னும் பறவையும் பூந்தொட்டிகளில் கூடு கட்டத் தயங்குவதில்லை. கூட்டைவிட்டு வந்த குஞ்சுகள் கிளையில் அமர்ந்து, சிறகைப் படபடவென அடித்து, தாயிடம் இரை கேட்பதை ஜூன் மாதத்தில் காணலாம்.

நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் இம்மாதத்தின் சிறப்பு விருந்தாளி. இது ஆண்டின் தொடக்க மாதங்களில் இங்கே வந்து, மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கிறது. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இது சென்றுவிட, நீலவால் பஞ்சுருட்டான் வந்து சேர்கிறது. ஒரே வீட்டில் இருவர் மாறி மாறிக் குடியிருப்பதைப் போன்றது இது. ஜூன் மாதத்தில் நாம் காண்பது பெரும்பாலும் முதல் வகையே. இலையில்லாத கிளையில் அமர்ந்து காத்திருக்கும். பூச்சி ஒன்றைக் கண்டால் பாய்ந்து பிடித்து, அதே கிளைக்குத் திரும்பும். பிடித்தது தேனீயாக இருந்தால் கிளையில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கின் நஞ்சை நீக்கிய பிறகே விழுங்கும்.

மூன்றையும் இணைக்கும் சங்கிலி

பஞ்சுருட்டானின் அலகை உற்றுப் பாருங்கள். சில வேளைகளில் அதில் ஒரு தட்டான் இருக்கும். இந்த ஒரு காட்சியில் பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. குளத்து நீரில் கொசுப்புழு இருந்தது. அதைத் தட்டானின் இளம்பூச்சி தின்று வளர்ந்தது. தட்டானைப் பஞ்சுருட்டான் பிடித்து மண்வளைக்குள் இருக்கும் குஞ்சுக்கு ஊட்டியது. இதேபோல, இலையைத் தின்ற புழுவைச் சின்னான் தன் குஞ்சுக்குக் கொண்டு போகிறது. பழமும் தேனும் உண்ணும் பறவைகள்கூட, குஞ்சு வளரும் காலத்தில் பூச்சிகளையே அதிகம் ஊட்டுகின்றன. எனவே, பூச்சிகளே இல்லாத பூங்காவில் பறவைகள் வந்து போகலாம். குஞ்சுகளை வளர்ப்பது அவற்றுக்குக் கடினம்.

இந்தச் சங்கிலியைத் தவறாகப் புரிந்துகொள்ளவும் கூடாது. தட்டான் கொசுவைத் தின்கிறதே, இனிப் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டாமல் விடலாமா? விடக் கூடாது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தட்டு, வாளி, மூங்கில் கழியின் துளை போன்ற சிறு இடங்களில் தேங்கும் நீரில் முட்டையிடுகிறது. பூங்காவில் நாம் காணும் தட்டான்கள் பெரும்பாலும் அங்கே முட்டையிடுவதில்லை. குளத்துக் கொசுவைத் தட்டான் பார்த்துக்கொள்ளும். வீட்டுக் கொசுவை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறிப்பேட்டில் எழுதும் முறை

பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்கள் இரண்டே வாரங்களில் குழம்பிவிடுவார்கள். அன்றன்றைக்கு எழுதிவிட வேண்டும். நாள், நேரம், வானிலை, இடம், இனம், எண்ணிக்கை, செயல் ஆகிய ஏழும் இருந்தால் போதும். ஒரு பதிவு பின்வருமாறு அமையலாம்:

“ஜூன் 9, காலை 10.10. வெயில், இலேசான காற்று. குளக்கரை. சிவப்புச் சிறகுத் தட்டான் 6. ஒன்று வாலைத் தூக்கி அமர்ந்திருந்தது. ஊசித்தட்டான் 2. கறிவேப்பிலை அழகி 1, தேன் குடித்தது. மைனா 4. பஞ்சுருட்டான் 0.”

இப்பதிவின் கடைசி எண்ணைக் கவனியுங்கள். பார்க்காததை ஏன் எழுத வேண்டும்? ‘தேடினேன், இல்லை’ என்பதும் ஒரு செய்திதான். சுழியம் எழுதப்படாவிட்டால், அன்று பறவை இல்லையா, பார்வையாளர் கவனிக்கவில்லையா என்று பின்னால் யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாத உயிரினத்துக்கு ஊகமாக ஒரு பெயரைச் சூட்டிவிடுவதும் சரியன்று. ‘நீல உடல், தெளிந்த சிறகு, இரண்டு விரல் அளவு’ என்று கண்டதை எழுதினால் போதும். பெயரை நூலிலோ ‘ஐநேச்சுரலிஸ்ட்’ போன்ற செயலியிலோ பிறகு தேடிக்கொள்ளலாம்.

இத்தகைய குறிப்பேட்டைக் கொண்டு பழைய நம்பிக்கை ஒன்றையும் சோதித்துப் பார்க்கலாம். தட்டான்கள் தாழப் பறந்தால் மழை வரும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அது உண்மையா? ஒரு தாளை நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள். தாழப் பறந்தது, மழை வந்தது. தாழப் பறந்தது, மழை வரவில்லை. தாழப் பறக்கவில்லை, மழை வந்தது. தாழப் பறக்கவில்லை, மழையும் வரவில்லை. ஒவ்வொரு நாளையும் உரிய கட்டத்தில் குறியுங்கள். நாம் பெரும்பாலும் முதல் கட்டத்தை மட்டுமே நினைவில் வைத்திருப்போம். நான்கு கட்டங்களையும் நிரப்பிப் பார்த்தால்தான் அந்நம்பிக்கை இங்கே எவ்வளவு பொருந்துகிறது என்று தெரியும்.

ஒரு மாதம் சொல்வதும் சொல்லாததும்

மாத இறுதியில் பக்கங்களைப் புரட்டினால் சில ஒழுங்குகள் தெரியும். எந்த நேரத்தில் தட்டான்கள் அதிகம், எந்தச் செடியைப் பட்டாம்பூச்சிகள் விரும்புகின்றன, மழைக்கு மறுநாள் எவை கூடுகின்றன, எந்தக் கிளை பஞ்சுருட்டானுக்கு உரியது என்பவை விளங்கும். புல்வெட்டிய வாரத்தில் எண்ணிக்கை குறைந்ததா என்பதையும் பார்க்கலாம்.

ஆனால், பட்டாம்பூச்சிகள் குறைந்து வருகின்றனவா என்ற கேள்விக்கு ஒரு மாதக் குறிப்பு விடை தராது. முதல் வாரத்தில் இருபது, நான்காம் வாரத்தில் எட்டு என்றால், அதற்கு மழையே காரணமாக இருக்கலாம். ஜூன் மாதத்தை அடுத்த ஆண்டின் ஜூன் மாதத்தோடு ஒப்பிட வேண்டும். பல ஆண்டுகள் ஒப்பிட்ட பிறகே உறுதியாகச் சொல்ல முடியும். அதனால்தான், ஒருவர் எழுதிய குறிப்பேடு மற்றவர்களின் குறிப்பேடுகளோடு சேரும்போது அதன் பயன் பெருகுகிறது. தேசியப் பூங்காக் கழகம் பறவை, பட்டாம்பூச்சி, தட்டான் ஆகியவற்றைக் கணக்கிடும் பணிகளில் பொதுமக்களையும் மாணவர்களையும் ஈடுபடுத்தி வருகிறது. பொதுமக்கள் பங்கேற்கும் இத்தகைய முயற்சியைக் குடிமக்கள் அறிவியல் என்பர்.

எழுதி வைத்ததால் தெரிந்தவை

ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர் 1854-இல் சிங்கப்பூருக்கு வந்தார். புக்கிட் தீமா காட்டில், பெரும்பாலும் ஒரு சதுர மைல் பரப்புக்குள், ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவரைப் போன்றவர்கள் சேகரித்துப் பெயரெழுதி வைத்ததால்தான், அன்று இத்தீவில் எவை வாழ்ந்தன என்பதை இன்று நாம் அறிகிறோம். 2003-இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 1819-க்குப் பிந்தைய 183 ஆண்டுகளில் சிங்கப்பூரின் இயற்கை வாழிடங்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துவிட்டன. அவற்றோடு பல உயிரினங்களும் மறைந்தன. பழைய பதிவுகள் இல்லாதிருந்தால், மறைந்தவை என்ன என்றுகூட நமக்குத் தெரிந்திருக்காது. எழுதப்படாத உயிரினம் யாரும் அறியாமலேயே மறைந்து போகும்.

பதிவுகள் இழப்பை மட்டும் காட்டுவதில்லை, மீட்சியையும் காட்டுகின்றன. இங்கே நெடுங்காலமாகக் காணப்படாமல் இருந்த இருவாச்சிப் பறவைகளில் ஓர் இணை 1994-இல் புலாவ் உபினில் தென்பட்டது. பின்னர் ஆய்வாளர்கள் செயற்கைக் கூடுகளை அமைத்து உதவினர். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் இருந்து வாசலை அடைத்துக்கொள்ள, ஆண் சிறு இடைவெளி வழியாக உணவு ஊட்டும். அத்தகைய பொந்துள்ள பெரிய மரங்கள் குறைவாக இருந்ததே அவற்றின் சிக்கல். இன்று இருவாச்சிகள் குடியிருப்புப் பேட்டைகளின்மேல்கூடப் பறக்கின்றன.

பீஷான் – அங் மோ கியோ பூங்காவும் அப்படித்தான். அதன் ஓரமாகக் காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேரான கான்கிரீட் கால்வாயாக ஓடியது. 2012-இல் அது புல்லும் செடியும் வளரும் கரைகளோடு, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றப்பட்டது. கான்கிரீட் சுவரில் தட்டானின் இளம்பூச்சி பற்றி ஏற ஒரு தண்டும் இல்லை. இப்போது அக்கரையில் தட்டான்கள் பறக்கின்றன. அவற்றைப் பிடிக்கும் பறவைகளும் வருகின்றன. எது இல்லாததால் ஓர் உயிர் போனது என்று தெரிந்தால், அதைத் திரும்ப வைத்து அவ்வுயிரை வரவழைக்க முடியும் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

பார்ப்பவரின் கடமை

பார்க்கப் போகிறவர் பார்க்கப்படும் உயிருக்குத் தொல்லை தரக் கூடாது. தட்டானின் சிறகைப் பிடிப்பதும், வாலில் நூல் கட்டுவதும், பட்டாம்பூச்சியைக் கையில் எடுப்பதும் அவற்றின் வாழ்வைக் கெடுத்துவிடும். கூட்டுக்கு மிக அருகில் நின்றால் தாய்ப்பறவை குஞ்சுக்கு இரை கொண்டுவரத் தயங்கும். நல்ல படம் வேண்டும் என்பதற்காகக் கூட்டை மறைக்கும் இலையை விலக்கினால், காகத்துக்கு நாமே வழிகாட்டியவர்கள் ஆவோம். வனவிலங்குகளுக்கு உணவளிப்பது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம்.

நம் பாதுகாப்பும் முக்கியம். தொப்பியும் குடிநீரும் எடுத்துச் செல்ல வேண்டும். நீர்நிலைக்குத் தனியே போகக் கூடாது. இடி முழங்கினால் கணக்கெடுப்பை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். அன்றைய பக்கத்தில் ‘இடி, பாதியில் நிறுத்தம்’ என்று எழுதினால் அதுவும் சரியான பதிவே.

இதற்கெல்லாம் விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. தொலைநோக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கண்கள் போதும். ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், மாறாத ஒரு பாதை, வாரத்தில் மூன்று நாள் அரைமணி நேரம். மாதம் முடியும்போது கையில் இருப்பது பன்னிரண்டு பக்கங்கள்தான். ஆனால், அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் அதே குளக்கரையில் நிற்கும் ஒருவருக்கு, சென்ற ஆண்டு இங்கே என்ன இருந்தது என்று அந்தப் பன்னிரண்டு பக்கங்கள் சொல்லும்.